புதிய ஏற்பாட்டு ஆய்வில் முதுகலை: சேருமுன்னும் சேர்ந்த பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

ஆதிக் கிறிஸ்தவ நூல்களைப் பற்றி அறிஞர்கள் நடத்திவரும் விவாதங்களை முதுகலை அளவில் படிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அந்தப் படிப்பில் தடுமாறி எழுந்த அனுபவம் எனக்கும் உண்டு. இப்போது மற்றவர்களின் ஆய்வேட்டு வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

இளங்கலையிலேயே புதிய ஏற்பாடு படித்தாயிற்று. முதுகலையில் புதிதாக என்ன இருக்கிறது?

இளங்கலையில் முடிவுகளைப் படித்திருப்பீர்கள். மாற்கு முதலில் எழுதினார், மத்தேயுவும் லூக்காவும் அவரைப் பார்த்து எழுதினார்கள், பவுலின் பெயரில் உள்ள 13 கடிதங்களில் ஏழு ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை. இப்படித் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். முதுகலையில் அதே வாக்கியங்களைத் திரும்ப எடுக்கிறீர்கள். இது எந்தச் சான்றின் மேல் நிற்கிறது? அந்தச் சான்றை வேறு விதமாகப் படிக்க முடியுமா? அப்படிப் படித்தவர் யார், அவருக்கு என்ன பதில் வந்தது? முதல் பருவத்தில் பலருக்கும் தலை சுற்றுவது இதனால்தான். தெரிந்ததாக நினைத்ததெல்லாம் திடீரென்று தெரியாததாகிவிடும். பயப்பட வேண்டாம், படிப்பு தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒரு விவாதத்தை எடுத்து, எப்படி நடக்கிறது என்று காட்ட முடியுமா?

யோவான்ஸ்நானன் கொல்லப்பட்ட கதையை எடுத்துக்கொள்வோம். மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, மத்தேயு 14-இலும் இருக்கிறது. மாற்கு ஏரோதை முதலிலிருந்தே 'ராஜா' என்கிறார். உண்மையில் ஏரோது அந்திப்பா ராஜா அல்ல, காற்பங்கு தேசாதிபதி, அதாவது ரோமருக்குக் கீழ்ப்பட்டு நாட்டின் ஒரு பங்கை மட்டும் ஆண்டவன். மத்தேயுவுக்கு அது தெரியும். கதையின் தொடக்கத்தில், 14:1-இல், சரியாகவே 'காற்பங்கு தேசாதிபதியாகிய ஏரோது' என்று எழுதுகிறார். ஆனால் எட்டு வசனம் தள்ளி 14:9-இல் 'ராஜா துக்கமடைந்தான்' என்கிறார்.

அந்தத் துக்கத்தையும் கவனியுங்கள். மாற்கில் யோவானைக் கொல்லத் துடிப்பவள் ஏரோதின் மனைவி ஏரோதியாள். ஏரோது அவரை நீதிமான் என்று அறிந்து பாதுகாக்கிறான். ஆகவே ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைக் கேட்டதும் அவன் வருந்துவது பொருந்துகிறது. மத்தேயுவில் கொல்ல நினைத்தவனே ஏரோதுதான் (14:5). கொல்ல நினைத்தவனுக்கு ஏன் துக்கம்?

இதை வைத்து மார்க் குட்ஏக்கர் 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து மாற்றி எழுதும்போது, தொடக்கத்தில் கவனமாக மாற்றுவார். போகப் போகக் களைத்து, மூலத்தின் சொற்களுக்கே திரும்பிவிடுவார். மத்தேயு அப்படித்தான் களைத்துப் போனார், எனவே அவர் முன்னால் மாற்கு இருந்தது என்பது வாதம்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? மாற்கு கடைசியாக எழுதியவர், மத்தேயுவையும் லூக்காவையும் சுருக்கியவர் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரீஸ்பாக் சொன்னார். 1964-இல் வில்லியம் ஃபார்மர் அந்தக் கருத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். அந்த வழியில் வருபவர் இப்படிச் சொல்லலாம்: மக்கள் பேச்சில் அவனை ராஜா என்றே அழைத்திருக்கலாம், மத்தேயு இரண்டையும் கலந்து எழுதினார், பின்னால் வந்த மாற்கு முரண்பாட்டைச் சரிசெய்து கதையைச் சீராக்கினார். இது சாத்தியம்தான். ஆனால் நன்றாகத் தெரிந்த பட்டத்தைத் தொடக்கத்தில் சரியாக எழுதியவர், துக்கத்தை மட்டும் காரணமில்லாமல் ஏன் விட்டுவைத்தார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. எனக்கு மாற்கு முந்தியது என்ற வாதமே கனமாகப் படுகிறது.

இன்னொரு படி போகலாம். மத்தேயுவும் லூக்காவும் மாற்கில் இல்லாத 200-க்கும் மேற்பட்ட வசனங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவை 'க்யூ' என்ற தொலைந்துபோன மூலத்திலிருந்து வந்தவை என்பது 1924-இல் ஸ்ட்ரீட்டர் நிலைநாட்டிய கருத்து. க்யூ தேவையே இல்லை, லூக்கா மத்தேயுவையே படித்தார் என்று 1955-இல் ஆஸ்டின் ஃபாரர் எழுதினார். குட்ஏக்கர் இதற்கும் களைப்பு வாதத்தைக் கொண்டுவருகிறார். லூக்கா 19-இல் பிரபு பத்து ஊழியக்காரரை அழைக்கிறான். கணக்குக் கேட்கும்போது முதலாவது ஒருவன், இரண்டாவது ஒருவன், அப்புறம் 'மற்றவன்'. பத்துப் பேரும் எங்கே போனார்கள்? மத்தேயு 25-இல் மூன்றே பேர்தான். ஆக லூக்கா மூன்று பேர் கதைக்குத் திரும்பிவிட்டார் என்கிறார்.

இங்கேதான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். லூக்காவின் மூலத்தில் மூன்று பேர் இருந்தார்கள் என்பது சரி. அந்த மூலம் மத்தேயுதான் என்று இது காட்டுகிறதா? க்யூவிலும் மூன்று பேர் இருந்திருக்கலாமே. ஒரே வாதம் முதல் இடத்தில் வலுவாக இருக்கும், இரண்டாவது இடத்தில் பாதி தூரம்தான் வரும். அந்தப் பாதி தூரத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் முதுகலைத் தாளில் உங்களிடம் எதிர்பார்ப்பது.

கிரேக்கம் தெரியாமல் சேரலாமா?

சேரலாம், முடிக்க முடியாது. முடித்தாலும் மற்றவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வீர்கள்.

ஓர் உதாரணம். கலாத்தியர் 2:16-இல் 'பிஸ்டிஸ் கிறிஸ்தூ' என்ற தொடர் வருகிறது. சொல்லுக்குச் சொல் 'கிறிஸ்துவின் பிஸ்டிஸ்', அதாவது நம்பிக்கை அல்லது நம்பகத்தன்மை. இதைத் தமிழ்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. 'அம்மாவின் நினைவு' என்றால் அம்மா நினைப்பதா, அம்மாவை நாம் நினைப்பதா? இரண்டுக்கும் இடம் உண்டு. அதே போல இங்கே, கிறிஸ்துமேல் நாம் வைக்கும் நம்பிக்கையா, கிறிஸ்து கடவுளுக்குக் காட்டிய உண்மையா? பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'இயேசுகிறிஸ்துவைப்பற்றும் விசுவாசம்' என்று ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதை மட்டும் படிப்பவருக்கு இங்கே ஒரு விவாதம் இருப்பதே தெரியாது. ரிச்சர்ட் ஹேஸ் 1983-இல் வெளியான தன் ஆய்வேட்டில் இரண்டாவது பொருளுக்கு வாதாடினார், ஜேம்ஸ் டன் முதல் பொருளில் உறுதியாக நின்றார். இன்னும் ஓயவில்லை.

எபிரெயம் படிக்கும் அளவுக்காவது வேண்டும். பைபிளில் சேராத தோமா நற்செய்தி போன்றவற்றில் இறங்கினால், பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான கோப்திக். ஆராய்ச்சி நூல்களுக்கு ஜெர்மன் மெதுவாகப் படிக்கத் தெரிந்தால் நல்லது, பேசத் தெரிய வேண்டியதில்லை.

கையெழுத்துப் பிரதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவாமே. அப்படியானால் மூலம் என்று எதைப் படிக்கிறோம்?

சங்க நூல் பதிப்புகளில் பக்கத்தின் அடியில் பாடபேதம் கொடுத்திருப்பார்களே, அதே கதைதான், இன்னும் பெரிய அளவில். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் மட்டுமே 5,000-க்கு மேல். பெரும்பாலான வேறுபாடுகள் எழுத்துப் பிழை, சொல் இடமாற்றம் போன்றவை. சில பெரியவை. மாற்கு நற்செய்தி, மிகப் பழைய பிரதிகளான சினாயிப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் 16:8-இல் முடிந்துவிடுகிறது. பெண்கள் கல்லறையை விட்டு ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, 'ஏனெனில் பயந்திருந்தார்கள்'. அவ்வளவுதான். கிரேக்கத்தில் கடைசிச் சொல் 'கார்', அதாவது 'ஏனெனில்'. ஒரு நூல் இந்தச் சொல்லோடு முடியுமா, கடைசி ஏடு கிழிந்து போயிற்றா, அல்லது மாற்கு வேண்டுமென்றே அப்படி நிறுத்தினாரா என்று கேட்டு எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் பிற்சேர்க்கை என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை.

நீங்கள் கையில் வைத்துப் படிக்கப்போவது, பாடபேதங்களோடு வரும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே-ஆலந்து பதிப்பு. அதன் 28-ஆவது பதிப்பு 2012-இல் வந்தது. அதன் அடிக்குறிப்புகளைப் படிக்கப் பழகுவதற்கே ஒரு மாதம் பிடிக்கும். அந்த மாதத்தைக் கொடுங்கள்.

பழைய பப்பைரஸ் (நாணல் தாள்) பிரதி ஒன்றின் காலம் தெரிந்தால் நூலின் காலம் தெரிந்துவிடும் அல்லவா?

அந்தக் காலம் எப்படித் தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். மான்செஸ்டரில் உள்ள பி52 என்ற பப்பைரஸ் துண்டு ஏறத்தாழ 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம். உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் யோவான் 18:31–33, பின்பக்கம் 37–38, அதுவும் அரைகுறையாக. 1935-இல் ராபர்ட்ஸ் இதைப் பதிப்பித்தபோது கையெழுத்தின் சாயலை வைத்து இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்றார். யோவான் நற்செய்தி மிகப் பிந்தியது என்ற வாதத்துக்கு எதிராக இந்தத் துண்டைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 2005-இல் பிரென்ட் நாங்ப்ரி, கையெழுத்தை மட்டும் வைத்து இவ்வளவு குறுகலாகக் காலம் சொல்ல முடியாது, இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட இடம் விட வேண்டும் என்று காட்டினார்.

'முதல் நூற்றாண்டு மாற்கு' கிடைத்துவிட்டது என்று 2012-இல் ஒரு பேச்சு கிளம்பியது நினைவிருக்கலாம். 2018-இல் அந்தத் துண்டு முறையாகப் பதிப்பிக்கப்பட்டபோது இரண்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று வந்தது. அதற்குள் அதை மேடையில் மேற்கோள் காட்டியவர்கள் எத்தனையோ பேர்.

எந்தெந்த நூல்கள் பைபிளில் இருக்க வேண்டும் என்று நைசியா மகாசபையில் ஓட்டெடுப்பு நடந்ததாமே?

இல்லை. 325-இல் கூடிய அந்தச் சபை, குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸின் போதனையையும் பாஸ்கா தேதியையும் பேசியது. நூல் பட்டியலை முடிவு செய்யவில்லை. இன்றுள்ள அதே 27 நூல்கள் ஒரே பட்டியலாக அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் 367-ஆம் ஆண்டுப் பாஸ்கா மடலில்தான் காணக் கிடைக்கின்றன. ஆய்வேட்டு வரைவில் நைசியா ஓட்டெடுப்பைப் பார்த்தால் நான் அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுவேன்.

உண்மையான விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தாலிய அறிஞர் முராத்தோரி 1740-இல் வெளியிட்ட லத்தீன் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்ற நூல் 'மிக அண்மையில், நம் காலத்தில்', ரோமாபுரி ஆயராகப் பயஸ் இருந்தபோது எழுதப்பட்டது என்று இருக்கிறது. அப்படியானால் பட்டியல் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆனால் 1973-இல் சண்ட்பெர்க், 'நம் காலம்' என்றால் அப்போஸ்தலருக்குப் பிந்திய காலம் என்றும் பொருள் கொள்ளலாம், பட்டியல் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார். இரண்டு லத்தீன் சொற்களின் பொருளில் இருநூறு வருடம் ஊசலாடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விவாதம் இது.

'பெரும்பான்மை அறிஞர்கள் கருத்து' என்று எழுதினால் போதாதா?

அது தகவல், வாதமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் பௌர் என்ற அறிஞர், பவுலின் கடிதங்களில் நான்கையே ஐயமற்றவை என்றார். இன்று ஏழு என்கிறோம்: ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன். எண்ணிக்கை மாறியது, கடிதங்கள் மாறவில்லை. தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய கடிதங்கள் பவுலுடையவை அல்ல என்று 1921-இல் ஹாரிசன் சொல்வளத்தை எண்ணிப் பார்த்து வாதாடினார். இவ்வளவு சிறிய கடிதங்களில் சொற்களை எண்ணி முடிவுக்கு வர முடியுமா, எழுத்தர் ஒருவரிடம் சொல்லி எழுத வைத்திருந்தால் நடை மாறாதா என்று மறுப்புகள் வந்தன. 'பெரும்பான்மை' என்று எழுதுங்கள், தவறில்லை. அடுத்த வாக்கியத்தில் ஏன் என்று எழுதுங்கள்.

முன் ஆய்வுகளைப் பற்றிய இயலை எப்படி எழுதுவது?

என் முதல் வரைவில் 38 பக்கத்துக்கு இந்த இயல் இருந்தது. இன்னார் இப்படிச் சொன்னார், இன்னொருவர் அப்படிச் சொன்னார் என்று ஆண்டு வரிசையில் அடுக்கியிருந்தேன். பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெறியாளர் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: 'இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?' இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் முழுவதையும் கிழித்து, எந்தக் கேள்வியில் அவர்கள் பிரிகிறார்கள் என்று பார்த்து மூன்று கேள்விகளின் கீழ் திரும்ப எழுதினேன். 15 பக்கத்தில் முடிந்தது.

நம் பழைய உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று மாற்றுக் கருத்தைச் சொல்லிவிட்டு, அது ஏன் பொருந்தாது என்று உடனே சொல்வார்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவும். ஒன்று மட்டும் கூடுதலாக வேண்டும். நீங்கள் மறுக்கப்போகும் அறிஞர் உங்கள் பக்கத்தைப் படித்தால், 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஆய்வுத் தலைப்பு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு. 'பவுலின் சபைக் கோட்பாடு' வேண்டாம். எபேசியர் 1:1-ஐப் பாருங்கள். 'எபேசுவில்' என்ற சொல் பி46 என்ற பழைய பப்பைரஸில் இல்லை. சினாயி, வத்திக்கான் பிரதிகளின் முதல் கையிலும், அதாவது திருத்தியவர்கள் கை படுமுன் எழுதியதிலும், இல்லை. இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோன் இதே கடிதத்தை லவோதிக்கேயருக்கு எழுதியது என்று வைத்திருந்தார். ஒரு சொல் இல்லாமல் போனதிலிருந்து, இது சுற்றறிக்கையா, யாருக்கு எழுதியது, யார் எழுதியது என்று பெரிய கேள்விகள் எல்லாம் தாமாகவே வரும். சின்ன வாசல் வழியாகப் போனால் வீடு முழுவதும் பார்க்கலாம், மதிலைச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆய்வுக்காலம் முடிந்துவிடும்.

ஏற்கப்படாத நற்செய்திகளில் ஆய்வு செய்யலாமா? பரபரப்பாக இருக்கிறதே.

தாராளமாக. தோமா நற்செய்தி 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கோப்திக் மொழியில் கிடைத்தது, 114 வாசகங்கள். மற்ற நற்செய்திகளைப் பாராமல் எழுந்ததா, அவற்றைத் தெரிந்துகொண்டு எழுந்ததா என்பது நல்ல, திறந்த கேள்வி.

பரபரப்பைப் பற்றிச் சொன்னீர்கள் அல்லவா, அதில் எச்சரிக்கை வேண்டும். 2012-இல், இயேசு 'என் மனைவி' என்று சொல்வதாக வரும் கோப்திக் துண்டு ஒன்று உலகச் செய்தியானது. சோதித்ததில் பப்பைரஸ் பழையதுதான். ஆனால் அதோடு வந்த, அதே கையால் எழுதிய யோவான் துண்டின் வரிகள், 1924-இல் அச்சான கோப்திக் யோவான் நற்செய்திப் பதிப்பு ஒன்றின் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பார்த்து எழுதியவை என்று 2014-இல் கிறிஸ்டியன் ஆஸ்கெலாண்ட் கண்டுபிடித்தார். தாள் பழையது, எழுத்து புதியது. அதைப் பிடித்தது வரி முடியும் இடங்களை ஒப்பிட்டுப் பார்த்த பொறுமை.

இதையெல்லாம் படித்தால் விசுவாசம் போய்விடுமா?

சிலருக்குப் போயிருக்கிறது, சிலருக்கு ஆழமாகியிருக்கிறது, பலருக்கு வடிவம் மாறியிருக்கிறது. ஒரே கருத்தரங்க மேசையில் குருக்களும் யூத அறிஞர்களும் எந்த மதமும் இல்லாதவர்களும் உட்கார்ந்து ஒரே வசனத்தைப் பற்றிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். மேசையில் செல்லுபடியாவது சான்று மட்டும்தான். 'என் சபை இப்படிச் சொல்கிறது' என்பதும் 'இதெல்லாம் கட்டுக்கதை' என்பதும் அங்கே ஒரே மாதிரிதான், இரண்டையும் வாதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளுக்குள் சங்கடம் வந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். ஆய்வேட்டில் அதைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

பெரிய நூலகம் அருகில் இல்லை. முடியுமா?

முன்பைவிட எளிது. சினாயிப் பிரதியின் ஏடுகள் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. 2009 முதல் அவற்றை ஒன்றாகச் சேர்த்து இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். திருத்தியவர் கை எங்கே பட்டிருக்கிறது என்பதுகூடத் தெரியும். ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் உள்ள புதிய ஏற்பாட்டுப் பாட ஆய்வு நிறுவனமும் ஏராளமான பிரதிகளின் படங்களைத் திறந்து வைத்திருக்கிறது. கிடைக்காதது பெரும்பாலும் புதிய ஆய்வு நூல்கள்தான். கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள், பலர் அனுப்பிவைப்பார்கள்.

சேர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

ஆய்வு நூல்களில் வேண்டாம். மூன்று நற்செய்திகளிலும் வரும் ஒரு கதையை மூன்று பத்திகளாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் தமிழிலேயே. மூவரிடமும் உள்ள சொற்களுக்கு ஒரு வண்ணம், மாற்கும் மத்தேயுவும் மட்டும் பகிர்வதற்கு ஒன்று, மாற்கும் லூக்காவும் பகிர்வதற்கு ஒன்று, மாற்கை விட்டு மற்ற இருவரும் ஒத்துப்போகும் இடத்துக்கு இன்னொன்று. திமிர்வாதக்காரன் கதை நல்ல தொடக்கம். மாற்கு 2:10-இல் இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் நடுவில் அறுந்து, 'திமிர்வாதக்காரனை நோக்கி' என்று கதைசொல்லி குறுக்கே வருகிறார். மத்தேயு 9:6-ஐயும் லூக்கா 5:24-ஐயும் திறந்து, வாக்கியம் எங்கே அறுகிறது என்று பாருங்கள்.